கிட்டார் வராதவங்களுக்கா பேஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் நம்ம பத்திரிகை ஞாயிறு பதிப்புல பிள்ளைங்களுக்கு எந்த வாத்தியம் கத்துக் குடுக்கலாம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, வீணை வயலின் மிருதங்கம் கீபோர்டு கிட்டார்னு எல்லாம் இருந்துச்சு, பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில கனமான கீழ்சத்தம் குடுக்கிற நாலு கம்பி கிட்டார், அது மட்டும் இல்ல, சரி இடம் பத்தல போலன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் ஒரு வாசகர் கடிதம் வந்துச்சு பாருங்க, 'கிட்டார் சரியா வராத பிள்ளைங்கள பேஸ்ல போடலாம், நாலே கம்பிதானே' அப்படின்னு. அத படிக்கிறப்ப கம்பெனி கேண்டீன்ல பசியாறிக்கிட்டு இருந்தேன், தோசை தொண்டையிலயே நின்னுடுச்சு. அந்த ஐயா மேல கோவம் இல்ல, ஆனா பதில் எழுதாம இருக்க முடியல.

எனக்கு 48 வயசு, பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை, பேஸ் கிட்டார் கத்துக்க ஆரம்பிச்சு 14 மாசம் ஆகுது. இன்னும் கத்துக்குட்டிதான், மேடை ஏறுற அளவுக்கெல்லாம் வரல. அதனாலதான் எழுதுறேன், நல்லா வாசிக்கிறவங்களுக்கு ஆரம்பத்துல பட்ட பாடு மறந்துபோயிருக்கும், எனக்கு இன்னும் விரல்ல இருக்கு.

இந்த பேஸ் கிட்டார் என்னோடது இல்ல, மகனோடது. ஃபார்ம் ஃபைவ் முடிச்சப்ப பகுதிநேர வேலை செஞ்ச காசுல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனான், நாலு மாசம் தட்டுனான், அப்புறம் ஜொகூருக்குப் படிக்கப் போயிட்டான், அது பையோட அலமாரி மேல ஏறிடுச்சு. தீபாவளிக்கு வீடு தொடைக்கிறப்ப இறக்குனேன், கனமா கனம், நாலு கிலோ இருக்கும். விக்கலாம்னுதான் இறக்குனேன். சும்மா ஒரு தட்டு தட்டிப் பாத்தேன், அந்த தடிச்ச கம்பி அப்படியே நெஞ்சுல வந்து நடுங்குச்சு. ஆம்ப்ல (சத்தத்த பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி) கூட மாட்டல, கட்டைய வயித்துல அணைச்சு வச்சிருந்தேன், அவ்வளவுதான். அந்தக் கம்பி ஒரு செகண்டுக்கு 41 தடவை அசையுதாம், கண்ணுக்கே தெரியும், கம்பி ரெண்டு மூணா பிரிஞ்சி மங்கலா தெரியும். விக்கல.

முதல்ல எங்க தீவுலயே ஒரு இசைப் பள்ளிக்குப் போனேன், பேரு வேணாம். கவுண்டர்ல இருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பாத்துட்டு 'மகனுக்கா ஆன்ட்டி?' ன்னு கேட்டாரு, எனக்குத்தான்னு சொன்னேன். 'அப்ப மொதல்ல ஆறு மாசம் கிட்டார் படிங்க, அப்புறம் பேஸ் ஈஸியா வந்துடும்' ன்னாரு. நம்பி சேந்தேன். வேற கிட்டார், வேற கம்பி, வேற காசு. மூணு மாசம் கார்டு (பல சுரத்த ஒண்ணா சேத்து அடிக்கிறது) பிடிக்கப் பிடிக்க ஒண்ணு புரிஞ்சது, ஆறு கம்பியையும் சேத்து ஒரே வீச்சுல அடிக்கிற வேலை வேற, ஒரு நேரத்துல ஒரே ஒரு கம்பிய அடிச்சு அது எப்ப நிக்கணும்னு பாத்துக்கிற வேலை வேற. கிட்டார் தெரிஞ்சா ஒதவும், இல்லேங்கல, ஆனா கிட்டார்தான் வாசப்படி, அதுல ஏறித்தான் பேஸுக்கு வரணும்ங்கிறது சும்மா கதை. நேரா பேஸையே எடுக்கலாம். அந்த மூணு மாசக் காசு போச்சு, பரவால்ல, பாடம் கத்துக்கிட்டேன்.

அப்புறம் வீட்டுலயே ஆரம்பிச்சேன். முதல் வாரமே சுருதி சேக்கிறேன்னு உக்காந்தேன், நாலு கம்பி, தடிச்சதுலேந்து மெலிசு வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ச-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம். போன்ல சுருதி காட்டுற ட்யூனர் ஓடுது, டி கம்பிய அடிக்கிறேன், முறுக்காணிய திருப்புறேன், முள்ளு அசையவே மாட்டேங்குது, இன்னும் திருப்புறேன், இன்னும் அசையல, இன்னும்... டொய்ங்! பக்கத்து ஜி கம்பி அந்து என் கன்னத்துக்கு ஒரு இன்ச் தள்ளி போச்சு. அடிச்சது ஒரு கம்பி, திருப்புனது அடுத்த கம்பியோட ஆணி. இத யாருகிட்டயும் சொல்லல இதுவரைக்கும், இப்ப பேப்பர்லயே சொல்லிட்டேன். கடையில போனா தனிக் கம்பி கிடையாது, நாலும் சேத்து செட்டாத்தான் வாங்கணும்னுட்டாங்க. பேஸ் கம்பி விலை கேட்டா தலை சுத்தும், சாதா கிட்டார் கம்பி மாதிரி நெனச்சிட்டு போயிடாதீங்க.

விரல் கதைய சொல்லணும். தூசு படக்கூடாத க்ளீன் ரூம்ல வேலை, உடம்பு முழுக்க மூடுற பன்னி சூட், ரெண்டு கையிலயும் க்ளவ். முதல் மாசம் வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நுனியிலயும் கொப்புளம், க்ளவ்குள்ள வேர்வை பட்டு பட்டு எரியும் பாருங்க, சூப்பர்வைசர் 'என்னக்கா கையில?' ன்னு கேக்க சமையல்ல சுட்டுக்கிட்டேன்னு சொன்னேன். ரெண்டு விரலையும் மாத்தி மாத்தி நடக்கிற மாதிரி அடிக்கணும், கட்டைவிரல் பிக்கப் (கம்பிக்கு அடியில அதிர்வ பிடிக்கிற பட்டை) மேல ஊனி நிக்கும். கொப்புளம் வந்தா ரெண்டு நாள் விட்டுடணும், ஒடைச்சிட்டு வாசிச்சா புண்ணாயிடும், நான் ஒடைச்சேன், ஒரு வாரம் போச்சு. இப்ப அந்த எடம் காய்ச்சி போச்சு, பொரோட்டா மாவு பிசையறப்ப கூட தெரியுது.

இடது கை இன்னும் மோசம். தையல் டேப் வச்சு அளந்து பாத்தேன், கழுத்து முனையிலேந்து கட்டைமேல கம்பி முடியிற பிரிட்ஜ் வரைக்கும் கம்பி 34 இன்ச், சாதா கிட்டார்ல 25 சொச்சம்தான். என் கை சின்னக் கை. நாலு விரலுக்கு நாலு ஃபிரெட்னு (ஃபிரெட்னா கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கட்டு) யூடியூப்ல வர்ற பசங்க எல்லாம் சொல்றாங்க, முதல் ஃபிரெட்டுலேந்து நாலாவது வரைக்கும் விரிச்சா எனக்கு மணிக்கட்டு இழுத்துக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் இப்படி விரிச்சதுல ரெண்டு வாரம் காப்பி கப்ப தூக்க முடியல. வலிக்குதுன்னா தப்பா பிடிக்கிறோம்னு அர்த்தம், பொறுத்துக்கிட்டா சரியாயிடும்னு நெனச்சது என் முட்டாள்தனம்.

இந்த எடத்துலதான் தீவுக்கு எதிர்க்கரை பட்டர்வொர்த்துல இருக்கிற அண்ணன் வர்றாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவரு, முன்ன தோட்டத்துத் திருவிழா, கல்யாணம்னு இசைக்குழுவுல பேஸ் வாசிச்சவரு, இப்ப அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. ஆஃப் நாள்ல கிட்டார முதுகுல மாட்டிக்கிட்டு ஃபெர்ரி ஏறுவேன், முன்ன காடியெல்லாம் ஏத்திக்கிட்டு ஆடி அசைஞ்சு போகுமே அந்த ஃபெர்ரி இல்ல இப்ப, ஆளும் மோட்டார் சைக்கிளும் ஏறுற சின்ன போட்டு, பை நீட்டிக்கிட்டு இருக்கும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, வயசான ஒரு அங்கிள் 'மீன் பிடிக்கப் போறியாம்மா?' ன்னே கேட்டாரு.

அண்ணன் என் கைய பாத்துட்டு சொன்னது ரெண்டே விஷயம். கீழ் ஃபிரெட்டுல நாலு விரல விரிக்காத தங்கச்சி, மூணு ஃபிரெட்டுக்கு ஆள்காட்டி, நடு, சுண்டு விரல், மோதிர விரல் சுண்டு விரலுக்கு முட்டுக் குடுக்கட்டும், ஆளுயர டபுள் பேஸ் வாசிக்கிறவங்க காலங்காலமா அப்படித்தான் பிடிக்கிறாங்கன்னாரு. அப்புறம் கட்டைய இன்னும் மேல தூக்கிக் கட்டு, வார் நீளமா விட்டு முட்டிக்குக் கீழ தொங்கவிடுறது போட்டோவுக்குத்தான் நல்லாருக்கும்னாரு. அன்னைக்கே வலி பாதி கொறைஞ்சது. மூணு மாசம் ஃபீஸ் கட்டுன எடத்துல இத ஒருத்தரும் சொல்லல.

ரெண்டாவது தடவ போனப்ப ஒரு பாட்டுக்கு வாசிச்சுக் காட்டுனேன், பெருமையா. கேட்டு முடிச்சிட்டு, 'நீ அடிக்கிறதெல்லாம் சரியா இருக்கு, எப்ப நிறுத்தணும்னுதான் தெரியல' ன்னாரு. எனக்குப் புரியல. அவரு என் கிட்டார வாங்கி ஒரு கம்பிய அடிச்சாரு, மத்த மூணு கம்பியும் அவரு கையிலயே தூங்குது, ஒரு சத்தம் இல்ல. நான் அடிச்சப்ப ஏ கம்பிய அடிச்சா ஈ கம்பி தானா அதிர்ந்துகிட்டு பின்னாடியே முனகுதாம், எனக்குக் காதுல விழவே இல்ல. அன்னைலேந்து ஆறு வாரம் நான் பாட்டே வாசிக்கல, ஒரு கம்பிய அடி, இடது கை விரல லேசா தூக்கு (எடுக்கக் கூடாது, தூக்கணும்), சத்தம் நிக்கணும், மத்த கம்பிமேல வலது கட்டைவிரல் சாஞ்சிருக்கணும். இதேதான். தாளம் தட்டுற மெட்ரோனோம நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சுக்கிட்டு நாலு தட்டுல ரெண்டு தட்டு சத்தம், ரெண்டு தட்டு சும்மா. மாமியார் ஹால்லேந்து 'ஏம்மா அது ரிப்பேரா?' ன்னு கேட்டாங்க.

அந்தக் கடிதம் எழுதுன ஐயா, நாலே கம்பிதான், ஒத்துக்கிறேன், வாசிக்காத மூணு கம்பிய சும்மா இருக்க வைக்கிறதுக்குத்தான் பாதி உழைப்பு.

ஃபிளாட்டுல இருக்கவங்களுக்கு இத சொல்லணும். சின்ன ஆம்ப் ஒண்ணு, 15 வாட், தரையில வச்சு மெதுவாத்தான் வாசிச்சேன். ஒரு நாள் லிஃப்ட்ல கீழ் வீட்டு சீன ஆன்ட்டி, 'மாலாம் மாலாம் புன்யி அப்பா?' ன்னு கேட்டாங்க, ராத்திரி ராத்திரி என்னமோ சத்தம், தண்ணி பம்ப் கெட்டுப்போச்சு போல, மேனேஜ்மெண்ட்டுக்கு போன் போட்டுட்டேன்னாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. கீழ்சத்தம் சுவர் தரைக்கெல்லாம் அடங்காது, அந்தத் தடிச்ச கம்பியோட அலை ஒவ்வொண்ணும் எட்டு மீட்டர் நீளம், நம்ம ஹால விட பெருசு, எனக்கு மெதுவா கேக்கிறது கீழ அவங்க கூரையில உறுமுது. ஆம்ப நாற்காலி மேல ஏத்தி அடியில பழைய யோகா பாய் போட்டேன், ஒம்பது மணிக்கு மேல ஹெட்போன். ஆன்ட்டிக்கு கேசரி செஞ்சு குடுத்து உண்மைய சொல்லிட்டேன். சிரிச்சாங்க, ஆனா மேனேஜ்மெண்ட் ஆள் பம்ப பாக்க வந்துட்டுத்தான் போனாரு. இன்னொண்ணு, சாதா கிட்டார் ஆம்ப்ல பேஸ மாட்டி சத்தமா வைக்காதீங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சிடும். போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டுட்டு 'ஐயோ ஒண்ணுமே கேக்கலயே' ன்னு மனசு ஒடஞ்சும் போகாதீங்க, அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழ இறங்க வக்கு இல்ல, விரல் படுற டக் டக் மட்டும்தான் கேக்கும், நான் அத வச்சு ரெண்டு நாள் அழுதேன்.

அதனாலதானோ என்னமோ நம்ம சனங்களுக்கு பேஸ்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. எல்லாரும் பாட்ட போன்ல கேக்கிறாங்க. இளையராஜா பாட்ட ஒரு தடவ நல்ல ஹெட்போன்ல கேளுங்க, பாடுறவங்கள விட்டுட்டு கீழ மட்டும் கேளுங்க, அங்க இன்னொரு பாட்டே தனியா ஓடிக்கிட்டு இருக்கும், ரொம்ப காலம் அதுக்கு வாசிச்சவரு சசிதரன். ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸ், இப்ப மோகினி டேன்னு ஒரு பொண்ணு, அந்தப் பிள்ளை விரல் ஓடுற வேகத்துக்கு எனக்கு வயசு போதாது. இவங்கெல்லாம் கிட்டார் வராதவங்களா?

சரித்திரமே எடுத்துப் பாத்தாலும் கதை தலைகீழா இருக்கு. 1951-ல அமெரிக்காவுல கிட்டார் செய்யிற லியோ ஃபெண்டர் ஃபிரெட் வச்ச மின்சார பேஸ கடைக்குக் கொண்டு வந்தாரு, ஆளுயர டபுள் பேஸ தூக்கிக்கிட்டு அலைய முடியாது, ட்ரம்ஸ் சத்தத்துல அது கேக்கவும் கேக்காது, அதுக்குத்தான். ஃபிரெட் இருந்தா சுருதி துல்லியமா விழும்னுதான் ப்ரிசிஷன்னு பேரே வச்சாரு. பீட்டில்ஸ்ல பால் மெக்கார்ட்னி நல்லா கிட்டார் வாசிச்சவருதான், 1961-ல பேஸ்காரர் விலகிட்டாரு, மத்தவங்க யாரும் எடுக்க மாட்டேன்னாங்க, இவரு தலையில கட்டுனாங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அமெரிக்காவுல கேரல் கேய்னு ஒரு அம்மா, ஜாஸ் கிட்டார் வாசிச்சவங்க, 1963-ல ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் ஆள் வரல, சரி நான் பிடிக்கிறேன்னு எடுத்தாங்க, அதுக்கப்புறம் அவங்க இல்லாத பாட்டே இல்லேங்கிற அளவுக்கு ஆயிடுச்சு. கிட்டார் நல்லா வந்தவங்கதான் இங்க வந்திருக்காங்க. ஜேம்ஸ் ஜேமர்சன்னு ஒரு அமெரிக்க பேஸ்காரரு வலது கையில ஒரே ஒரு விரல வச்சு மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனி பாட்டெல்லாம் வாசிச்சாரு, ஒரு விரலுங்க! நான் ரெண்டு விரல வச்சுக்கிட்டு தடுமாறுறேன்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ரோட்டுல காவடிக்கு முன்னாடி உறுமி மேளம் வரும்ல, குச்சிய தோல்மேல தேச்சு 'உம்ம்ம்' னு ஒரு இழுப்பு இழுப்பாங்க, வயித்துல போய் விழும், காவடி எடுத்தவங்க கால் அதுக்குத்தான் ஆடும். பேஸ்ல விரல எடுக்காம ஒரு ஃபிரெட்டுலேந்து இன்னொண்ணுக்கு வழுக்குனா அதே உறுமிதான். மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் ரவை ஒட்டி 'தொம்' னு வரவழைக்கிறாங்களே, அதுவும் இதே வேலைதான். அண்ணன் எனக்கு தியரியே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு, ரூட் நோட் உன் ச, ஒரு கம்பி தள்ளி ரெண்டு ஃபிரெட் மேல ப, இன்னும் ஒரு கம்பி தள்ளி அதே ஃபிரெட்டுல மேல் ச. இந்த மூணு எடம் போதும், பாதிப் பாட்டு ஓடிடும், சுருதிப் பெட்டியும் அதத்தானே பாடுதுன்னாரு. இங்கிலீஷ் புத்தகத்துல ரூட், ஃபிஃப்த், ஆக்டேவ்னு நாலு பக்கம் படிச்சு புரியாதது, ஃபெர்ரி ஏறுறதுக்குள்ள புரிஞ்சது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பத்து மாசம் தனியா வாசிச்சிட்டு மூணு பேரோட சேந்து ஒரே ஒரு நாள் வாசிச்சேன், சொந்தக்காரங்க வீட்டு கார் போர்ச்ல, ஒரு தம்பி கஹோன் (மேல உக்காந்து கையால தட்டுற மரப்பெட்டி), ஒரு தம்பி கீபோர்டு, பாட அவங்க அக்கா. முதல் பாட்டு சேறு மாதிரி இருந்துச்சு, எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. எனக்கே காரணம் தெரியல, அப்புறம் பாத்தா கீபோர்டு தம்பி இடது கையால அதே பேஸ அவரும் வாசிக்கிறாரு, பேஸ் ஆளே இல்லாம வாசிச்சு வாசிச்சு அவருக்கு அது பழக்கம். 'தம்பி, இடது கைய எடுத்துடுங்க' ன்னேன். ரெண்டாவது தடவ வாசிச்சப்ப கஹோன் தம்பி தட்டுற ஒவ்வொரு 'தும்' மும் என் விரலும் ஒரே நேரத்துல விழுந்துச்சு, அந்தப் பாடுற பிள்ளை பாடிக்கிட்டே திரும்பிப் பாத்துச்சு. பத்து மாசம் மெட்ரோனோம்கிட்ட கத்துக்காதத அந்த நாலு நிமிஷத்துல கத்துக்கிட்டேன். பேஸ் தனியா கத்துக்கிட்டா அரை வாத்தியம்தான், யாராவது கூட இருந்தாத்தான் அது எதுக்குன்னே தெரியும்.

ஆனா எங்க போறது? முன்ன கல்யாணம்னா இசைக்குழு, அஞ்சாறு பேரு, ட்ரம்ஸ் பக்கத்துல பின்னாடி இருட்டுல ஒருத்தர் நிப்பாரு, சின்ன வயசுல எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுல அவரத்தான் நான் பாத்துக்கிட்டே நிப்பேன், சும்மா நிக்கிற மாதிரி இருக்கும், அவரு நிறுத்துனா எல்லாம் காத்துல பறக்கிற மாதிரி ஆயிடும். இப்ப ஒரு லேப்டாப், பாடுற குரல் மட்டும் இல்லாத மைனஸ் ஒன் டிராக், ரெண்டு மைக். காசு கொறைச்சல், நான் குத்தம் சொல்லல, என் தங்கச்சி மக கல்யாணத்துக்கும் அப்படித்தான் செஞ்சோம். ஆனா பழகுறதுக்கு எடமே இல்லேன்னா அடுத்தது லேப்டாப்புக்குப் பதிலா வாசிக்க யாரு வருவா? இந்தப் பினாங்குலேந்து கெளம்பித்தான் அல்லிகேட்ஸ்ங்கிற இசைக்குழுவுல லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுல நாடு முழுக்க பேர் எடுத்தாங்க. அவங்களுக்கும் முதல்ல சேந்து வாசிக்க ஒரு எடம் இருந்திருக்கும்தானே.

எங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) ஒரு பொது மண்டபம் இருக்கு, தேர்தலுக்கும் ரத்த தானத்துக்கும் திறப்பாங்க, மத்த நாள் பூட்டு. மேடை இருக்கு, ஃபேன் இருக்கு, பிளக் பாயிண்ட் நாலு இருக்கு, சுத்தி வீடு கிடையாது, ஒரு பக்கம் மோன்சூன் டிரெயின் (பெரிய மழைத்தண்ணி வாய்க்கால்), ஒரு பக்கம் ஃபுட்சால் கோர்ட், ராத்திரி பத்து வரைக்கும் அவனுங்க போடுற கூச்சலுக்கு முன்னாடி பேஸ் ஒண்ணுமே இல்ல. நாலு தடவ கேட்டுட்டேன், ஒரு தடவ கமிட்டிகிட்ட கேளுங்கன்னாங்க, கமிட்டிகிட்ட கேட்டா லெட்டர் குடுங்கன்னாங்க, லெட்டர் குடுத்தேன், மலாய்ல ஒண்ணு தமிழ்ல ஒண்ணு, இப்ப சாவி வச்சிருக்கிறவரு ஊர்ல இல்லேங்கிறாங்க, மூணு மாசமா ஊர்ல இல்ல.

எங்களுக்கு வேண்டியது செவ்வாயும் வியாழனும் எட்டுலேந்து பத்து, அவ்வளவுதான். கரண்ட் காசு நாங்க குடுத்துடுறோம், கூட்டித் தொடைச்சிட்டுப் போறோம். கஹோன் தம்பி, கீபோர்டு தம்பி, பாடுற பிள்ளை, நான், நாலு பேரு ரெடி, பட்டர்வொர்த் அண்ணன் மாசம் ஒரு தடவ வர்றேன்னு சொல்லியிருக்காரு, ஃபெர்ரி காசு மட்டும் போதுமாம். நீங்க இத பேப்பர்ல போட்டீங்கன்னா அந்த மண்டபத்துச் சாவி எந்த வீட்டுல தொங்குதுன்னு தெரிஞ்சவங்க யாராவது படிப்பாங்க, பினாங்குல நம்ம பத்திரிகை வாங்காத தமிழ் வீடு கொறைச்சல்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.